"பகிடிக்குத்தானே சொன்னனான்" என்பவருக்கு என்ன பதில்?

கேள்வியை முதலில் சுருக்கிப் போடுகிறேன், அப்போதுதான் மற்றவர்களுக்கும் விளங்கும். கேட்டவர் கிளிநொச்சிப் பக்கத்துப் பெண், 1996 இல் பிறந்தவர், கலியாணமாகி ஒன்பது மாதம். மாப்பிள்ளை முல்லைத்தீவுப் பக்கம், நாலு ஆண் சகோதரங்கள் உள்ள வீடு. அவர் எழுதியது இது:

"இவர் குடிக்கிறதில்லை, அடிக்கிறதில்லை, நல்ல உழைப்பாளி. ஆனால் தம்பிமார், கூட்டாளிமார் வந்தால் என்னை வைச்சுத்தான் பகிடி. என்ர சொதிக்குள்ள தேங்காய்ப்பாலைத் தேட டோர்ச் வேணும் எண்டுவார். 'எங்கட மனுசி ஏ.எல். மூண்டு தரம் எடுத்தவ, அனுபவம் கூட' எண்டுவார். எல்லாரும் சிரிப்பினம், நானும் சிரிப்பன். பிறகு குசினிக்குள்ள போய் அழுவன். கேட்டால், 'பகிடிக்குத்தானே சொன்னனான், உமக்குப் பகிடி விளங்காது' எண்டுறார். அம்மாவிட்டச் சொன்னால், 'சிரிச்ச முகத்தோட ஒரு மனுசன் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கோணும்' எண்டுறா. குடும்பத்துக்குள்ள பகிடி நல்லதோ, கூடாதோ? பிழை என்னிலயோ?"

தங்கச்சி, பிழை உங்களில் இல்லை. பகிடியிலும் இல்லை. சொதிப் பகிடியையும் ஏ.எல். (உயர்தரச் சோதனை) பகிடியையும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவரும் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்லுகிறார் போல. ஆனால் அவை ஒரே இனம் இல்லை.

சொதி நாளைக்கும் வைக்கலாம். தேங்காய் இன்னும் பாதி கூடத் திருவினால் அந்தப் பகிடி அன்றோடு செத்துப்போகும். ஏ.எல். அப்படியா? கடைசிச் சண்டை நடந்த 2008, 2009 இல் உங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அந்த வயதில் வன்னிப் பிள்ளைகள் எங்கே இருந்து படித்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மரத்துக்குக் கீழ் கொஞ்ச நாள், பங்கருக்குள் கொஞ்ச நாள், படிப்பே இல்லாமல் கொஞ்ச மாதம், பிறகு செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள். அத்திவாரம் விடுபட்ட பிள்ளை மூன்று தரம் சோதனைக்கு இருந்தது பிடிவாதத்துக்குச் சான்று. அதைச் சிரிப்புக்கு எடுத்தால் அடிபடுவது அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை. குசினிக்குள் போய் அழுகிறதும் அவள்தான்.

நான் முதலில் படிப்பித்தேன், பிறகு பதினாலு வருசமாக உளவளத்துணை வேலை. குடும்பப் பிரச்சினை என்று வருகிறவர்களில் பகிடியால் வந்தோம் என்று சொல்லி வந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு மணித்தியாலம் கதைக்க விட்டால், பாதிப் பேரின் கதைக்குள் எங்கேயோ ஒரு "பகிடிக்குத்தான்" கிடக்கும். (கீழே சொல்லப்போகிற ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். என் வீட்டுக் கதையை மட்டும் மாற்றவில்லை.)

எங்கட ஊர்களில் பகிடிக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் முறை. மச்சான் முறை, மாமன் முறை, பெரியப்பா முறை என்கிறோமே, அதே முறைதான். ஆர் ஆரோடு பகிடி விடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். கலியாண வீட்டு வாசலில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு, அதற்கு மாப்பிள்ளை தன் விரலில் போட்டுவிட்ட மோதிரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அத்தான், இது தங்கம்தானே?" என்று கேட்டால் முழுச் சனமும் சிரிக்கும். அதே கேள்வியைப் பெண்ணின் சித்தப்பா கேட்டால் கலியாணம் குழம்பும். சொல் ஒன்றுதான், முறை வேறு. மாமியோடு மருமகன் பகிடி விடமாட்டார். மாமி படலையைத் திறக்கிற சத்தம் கேட்டாலே மடித்துக் கட்டின சாரத்தை இறக்கிவிட்டு எழும்பி நிற்பார். பேரன் பேத்தி விசயம் இன்னும் வடிவு. எங்கட பக்கத்தில் தாத்தாவும் பேரன்தான், மகளின் மகனும் பேரன்தான். இரண்டு தலைக்கும் ஒரே சொல், அதனால் தானோ என்னவோ இரண்டு பக்கமும் கூச்சம் இல்லாத பகிடி. எழுபது வயதுக்காரர் நாலு வயதுப் பேத்தியைப் பார்த்து "என்ர பொஞ்சாதி" என்பார். அவள் "உங்களுக்குப் பல்லில்லை, நான் கட்டமாட்டன்" என்பாள். நாள் முழுக்க ஓடும் அது.

இது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1940 இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலும் ஆபிரிக்கச் சமூகங்களைப் பற்றிய கட்டுரை, ஆனால் வாசித்தால் எங்கட வன்னி ஒட்டுசுட்டானில் இருந்து எழுதினது போல இருக்கும். சில உறவுக்காரர் ஒருவரையொருவர் பகிடி பண்ணலாம், சில இடங்களில் பண்ணியே ஆகவேண்டும், மற்றவர் கோபிக்கக் கூடாது என்று வழக்கமே வைத்திருக்கிறது என்கிறார். அவர் சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்தது. கலியாணம் இரண்டு குடும்பத்தைச் சேர்க்கிறது, ஆனால் அவை இன்னும் இரண்டு குடும்பம்தான். அந்த இடைவெளியில் எப்போதும் ஒரு உரசல் வரலாம். அதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, மருமகனும் மாமியும் போல மரியாதையால் எட்ட நிற்பது. மற்றது, மச்சான்மார் போல உரசலையே விளையாட்டாக்கிவிடுவது. எட்ட நிற்பதும் பகிடி விடுவதும் ஒரே நோய்க்கு இரண்டு மருந்து. இன்னொன்றும் பிரித்துக் காட்டினார்: சில உறவில் இரண்டு பேரும் பகிடி விடலாம், சில உறவில் ஒருவர் விட மற்றவர் தாங்கவேண்டும். உங்களுடைய வீட்டில் எது நடக்கிறது என்று யோசியுங்கோ. அவருடைய தலைமயிர் கொட்டுகிறதைப் பற்றி அவருடைய தம்பிமார் முன்னால் நீங்கள் ஒரு வசனம் சொன்னால் அவர் சிரிப்பாரா? எனக்கு இதுதான் முதல் சோதனை. திருப்பி எறிய முடியாத பந்தை வைத்து இரண்டு பேர் விளையாட முடியாது.

முந்தி இது இவ்வளவு சிக்கல் இல்லை. மாமன் மகளைக் கட்டினவருக்கு அந்தப் பெண்ணை மூக்குச் சளி ஒழுகின காலத்திலிருந்து தெரியும். எது அவளுக்குச் சுடும், எது சுடாது என்பதும் தெரியும். அவள் மச்சாள். பகிடிக்கான அனுமதி தாலிக்கு இருபது வருசத்துக்கு முந்தியே கிடைத்துவிட்டது. இப்போது ஊரே இடம் மாறிப்போனது. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனம், 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடின சனம், 2008 இல் மன்னாரிலிருந்து கிழக்கே கிழக்கே தள்ளப்பட்ட சனம், அதற்கெல்லாம் முந்தி 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின சனம். எல்லாம் கலந்துதான் இப்போது சம்பந்தம் பேசுகிறோம். நல்ல விசயம்தான். ஆனால் முறை என்ற சொல் தாலி கட்டின அன்றே வந்துவிடுகிறது. ஆளைத் தெரிந்துகொள்ள வருசம் எடுக்கிறது. அவருடைய தம்பிமாருக்கு நீங்கள் முதல் நாளே மச்சாள். உங்களுக்கு அவர்கள் இன்னும் யாரோ நாலு பெடியள். அவர்கள் இருபது வருச மச்சாளுக்கு விடுகிற பகிடியை ஒன்பது மாத மச்சாளுக்கு விடுகிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். மலையகத்தில் வேர் உள்ள குடும்பத்துப் பெண்ணை மருமகளாக எடுத்துவிட்டு அவள் கதைக்கிற மாதிரிக் கதைத்துக் காட்டுவது, சாதியைச் சாடையாக இழுப்பது, பிள்ளை பிறக்கிறதுக்குச் சுணங்கினால் "கோழி முட்டையிடேல்லை" என்பது. இதுகளை நான் பகிடிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதற்கு முறையும் இல்லை, முறைப்பாடு மட்டும்தான் உண்டு.

இனி என் வீட்டுக் கதை. எங்கட வீட்டில் ஒரு வசனம் இருக்கிறது: "கிபிர்க்காரன் திறப்புக் கேட்டு வரப்போறான்." வெளிக்கிட்டு நிற்கும்போது ஆராவது சுணங்கினால் இதைச் சொல்லுவோம். வந்த கதை இதுதான். குண்டு போடுகிற கிபிர் விமானம் இரைகிற சத்தம் கேட்டால் எல்லாரும் பங்கருக்குள் பாய்வோம். ஐயா மட்டும் திரும்பிப் போய் வீட்டுக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். ஒவ்வொரு தரமும். அம்மா உள்ளே இருந்து கத்துவா. ஒரு நாள் பெரியம்மா அமைதியாகச் சொன்னா, "விடடி, அவர் பூட்டட்டும். கிபிர்க்காரன் இறங்கி வந்து திறப்புக் கேட்டால் என்ன செய்யிறது?" அந்த இருட்டுக்குள், நெஞ்சு அடிக்கிற அடியில், நாங்கள் ஏழு பேரும் சிரித்தோம். ஐயாவும் சிரித்தார். பிறகு ஒரு நாள் குண்டு கிட்ட விழுந்து பின் சுவர் சரிந்துபோனது. போய்ப் பார்த்தால் முன் கதவு பூட்டினபடி நிற்கிறது. ஐயா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின் பக்கத்தால் வீட்டுக்குள் போனார். அம்மா சிரித்துச் சிரித்துப் பிறகு அழுதா. எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கினது என்று எனக்கு இப்பவும் சொல்லத் தெரியாது.

என் தம்பி கலியாணம் செய்து வந்த பிறகு, அவனுடைய மனுசிக்கு இந்த வசனம் விளங்கவில்லை. நாங்கள் சொல்லிச் சிரிக்கும்போது அவள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். நாங்களும் விளக்கவில்லை. ஒரு வீட்டுச் சிரிப்பு வெளியில் நிற்கிற ஆளுக்கு மதில் மாதிரி என்பது உள்ளே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு வருசம் இருக்கும், அம்மாதான் ஒரு மழை நாளில் நெல்லுப் புடைத்துக்கொண்டு அவளுக்கு முழுக் கதையும் சொன்னா. பிறகு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிக்கிட்டு நிற்கும்போது தம்பி கண்ணாடிக்கு முன்னால் நின்று மினக்கெட்டான். அவள்தான் சொன்னாள், "சுணங்கினால் கிபிர்க்காரன் திறப்புக் கேட்டு வருவான்." அம்மா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவள் எங்கட வீட்டுப் பிள்ளை ஆனது அன்றைக்குத்தான்.

ஏன் சொல்லுகிறேன் என்றால், வீட்டுக்குள் வந்த புது ஆளைப் பற்றிச் சிரிப்பதும், அந்த ஆளையும் கூட்டிச் சிரிப்பதும் வெளியில் இருந்து கேட்டால் ஒரே சத்தம்தான். உங்களுடைய மாமி வீட்டில் சிரிப்பு நிறைய இருக்கிறது போல. அதில் உங்களுக்கு ஒரு கதிரை போடப்பட்டிருக்கிறதா, இல்லை நீங்கள்தான் மேசையில் வைத்த பலகாரமா என்பதே கேள்வி.

"நானும் சிரிப்பன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் அவர் தனக்குச் சாட்சியாக எடுத்திருப்பார்: "அண்டைக்கு நீரும் சிரிச்சனீர்தானே?" சிரிப்பு நல்ல சாட்சி இல்லை, தங்கச்சி. றொபேர்ட் புரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் சந்தையிலும் தெருவிலும் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டு நின்ற சனத்தின் சிரிப்பை, சுமார் 1,200 தரம், குறித்துவைத்துப் பார்த்தார். அதில் பகிடி என்று சொல்லத்தக்க ஒன்றுக்குப் பிறகு வந்த சிரிப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் "சரி, பிறகு சந்திப்பம்" போன்ற சப்பை வசனங்களுக்குப் பிறகு வந்தவை. தனியே இருக்கும்போதை விட ஆட்களோடு இருக்கும்போது மனிதர் 30 மடங்கு கூடச் சிரிக்கிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். அதாவது சிரிப்பு பெரும்பாலும் "நான் உங்களோடு நிற்கிறேன், என்னைத் தள்ளிவிடாதேங்கோ" என்ற சைகை. சபையில் நீங்கள் சிரித்தது பகிடி பிடித்ததால் அல்ல, அந்தச் சபையை விட்டு வெளியேற வழி இல்லாததால்.

எங்கட பழைய ஆட்களுக்கு இது தெரியும். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாட்டில், அதாவது உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளில், நகையைத்தான் முதலில் வைக்கிறது, சிரிப்புப் பிறக்கிற இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். குழந்தைத்தனத்தையும், தெரியாத்தனத்தையும், ஒன்றைச் சொன்னால் அப்படியே நம்புகிற வெள்ளை மனத்தையும் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் எள்ளலுக்கு, அதாவது கேலிக்கு, முதலிடம். உரைகாரர் பேராசிரியர் அந்த எள்ளலையும் இரண்டாகப் பிரித்தார், தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது மற்றது. உங்களுடைய சிரிப்பு இந்த இரண்டாவது. வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார். விளையாட்டுக்கென்றாலும் இகழ்ச்சி நோகும். "பகிடிக்குத்தானே" என்ற சாட்டு அவர் காலத்திலும் இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்த வரிக்குத் தேவை இல்லை.

"அவள் தானே தன்னைப் பற்றிச் சிரிக்கிறாள், நாங்கள் சிரித்தால் என்ன?" என்ற கேள்வியும் வரும். இதற்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும். சண்டையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர், செயற்கைக்கால் போட்டிருக்கிறார். ஊரில் அவரைப் போலப் பகிடி விட ஆள் இல்லை. "முள்ளுக் குத்தினாலும் எனக்கு அரைவாசி நோதான்" என்பார். மற்றக் காலை இழந்த கூட்டாளி ஒருவர் இருக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சோடி செருப்பு வாங்குவதாகக் கதை விடுவார்கள். மனுசியும் விடுவா: "இவர் கோவிச்சுக்கொண்டு எங்க ஓடப்போறார், காலை நான் ஒளிச்சுவைச்சிருக்கிறன்." அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு நாள் மனுசியின் தமையன், வெளிநாட்டிலிருந்து வந்தவர், சாப்பிட இருக்கும்போது அதே காலை வைத்து ஒரு வசனம் சொன்னார். பெரிய வசனம் ஒன்றும் இல்லை, மனுசி சொல்லுகிறதில் பாதிக்கூட இல்லை. அவர் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். மூன்று மாதம் மச்சானோடு கதைக்கவில்லை. "மச்சான் முறைதானே, ஏன் கோவம்?" என்று கேட்டேன். அவர் சொன்னார், "அக்கா, அவ என்னைத் தூக்கிக்கொண்டு பதுங்கி வந்தவ. அவன் அந்த நேரம் அங்க இருந்தவன்." 'அங்க' என்று கையை மேற்கே காட்டினார்.

தன்னைப் பற்றித் தானே விடுகிற பகிடி, தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து காட்டுவது. திறந்து கிடக்கிறது என்பதற்காகக் கண்ட ஆட்களும் உள்ளே போக முடியாது. கூட இருந்து பட்டவருக்குப் போகலாம். உங்களுடைய ஏ.எல். கதையைப் பற்றி உங்களோடு அந்த முகாமில் படித்த கூட்டாளி பகிடி விட்டால் நீங்களே விழுந்து சிரிப்பீர்கள் என்று நினைக்கிறேன். முகாமிலும் பகிடி இருந்ததுதானே. வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம் என்று 'சேர்' பட்டம் வாங்கின பெரிய ஆட்களின் பெயரை வைத்திருந்தார்கள். தண்ணிக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு அப்பு சொன்னார், "எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் சேர்மாற்ற வளவுக்குள்ள கால் வைக்கக் கிடைக்கேல்லை. எங்களுக்குக் குடியிருக்கவே கிடைச்சிருக்கு." வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். வேலிக்கு வெளியில் நின்று ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் கல்லெறி விழுந்திருக்கும்.

இவ்வளவும் சொன்னதால் நான் பகிடிக்கு எதிரி என்று நினைக்கவேண்டாம். பகிடியே இல்லாத வீடுகளுக்கும் போயிருக்கிறேன். அவை இதைவிடக் கஷ்டம். சண்டையை ஒருவரும் தொடங்குவதும் இல்லை, முடிப்பதும் இல்லை. தம்பதிகளை ஆய்வுகூடத்தில் இருத்திச் சண்டை பிடிக்கவிட்டு வருசக்கணக்காகப் படித்தவர் அமெரிக்காவின் ஜோன் கொட்மன். நிலைக்கிற கலியாணங்களிலும் சண்டை உண்டு, ஆனால் சண்டைக்கு நடுவில் ஒருவர் ஒரு சின்னச் சமாதானக் கயிறு எறிவார், மற்றவர் அதைப் பிடித்துக்கொள்ளுவார் என்கிறார். அந்தக் கயிறு பல நேரம் ஒரு பகிடி. எங்கட பக்கத்தில் இதற்குக் கோழிதான் தூது. கோபத்தில் இருக்கிற மனுசி புருசனோடு கதைக்கமாட்டா. முற்றத்தில் நிற்கிற கோழியைப் பார்த்து, "சோறு ஆறுது, தின்னுற ஆக்கள் திண்டால் நல்லது" என்பா. இரண்டாம் நாள் அவர் அதே கோழியிடம், "குழம்புக்கு உப்புக் கூடிப்போச்செண்டு சொல்லு" என்பார். மூன்றாம் நாள் கோழி அந்தப் பக்கம் வராவிட்டால் இரண்டு பேரும் முழிப்பார்கள், அங்கே ஒருவர் சிரித்தால் சண்டை முடிந்தது. இதைச் சாடைப் பேச்சு என்கிறோம். குத்தவும் அதே சாடைதான், தைக்கவும் அதே சாடைதான். கொட்மன் சொன்ன மற்றதையும் சொல்லவேண்டும். கலியாணத்தை முறிக்கிற குணங்களில் அவர் முதலில் வைத்தது கோபத்தை அல்ல, இளக்காரத்தை. கண்ணை உருட்டுவது, நெளித்துக் காட்டுவது, மேலே நின்று நக்கல் அடிப்பது. பகிடி போலத்தான் வரும். பகிடி விடுகிறவர் பக்கத்தில் நிற்பார், நக்கல் அடிக்கிறவர் மேலே நிற்பார்.

பள்ளிக்கூடம், பல்கலைக்கழகத்தில் புதுப் பிள்ளைகளைப் பிடித்துப் படுத்துகிற பாட்டுக்கு எங்கட நாட்டில் என்ன பெயர்? பகிடிவதை. யார் வைத்த சொல்லோ, கெட்டிக்காரர். இரண்டு சொல்லையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறார். அதைத் தடுக்க 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டமே போட்டார்கள். அங்கேயும் பிடிபட்டவர் முதல் சொல்லுவது "பகிடிக்குத்தான் செய்தனாங்கள்" என்றுதான்.

சரி, உங்களுடைய வீட்டுக்கு வருவோம். அம்மாவின் கதையை அப்படியே தள்ளவேண்டாம். சிரிக்காத ஒரு மனிதரோடு காலம் தள்ளினவ சொல்லுகிற கதையாக இருக்கலாம் அது. உங்களுடைய கணவரைப் பற்றி நீங்கள் எழுதினதைப் பார்த்தால் இளக்காரக்காரராக எனக்குத் தெரியவில்லை. நாலு ஆம்பிளைப் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் பகிடிதான் அன்பு, பகிடிதான் வணக்கம். "எப்பிடி இருக்கிறாய்" என்பதற்குப் பதில் "இன்னும் சாகேல்லையோ" என்று கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம். அவர் உங்களைத் தம்பிமாரின் கூட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள நினைக்கிறார், தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனால் இது என் ஊகம். ஊகத்தைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

"என்னைப் பகிடி பண்ணாதேங்கோ" என்று மொத்தமாகச் சொல்லவேண்டாம். அது அவருக்கு வாயைப் பொத்தச் சொன்னது போல இருக்கும். பிரித்துச் சொல்லுங்கோ. "இஞ்சருங்கோ, சொதியைப் பற்றி என்னவும் சொல்லுங்கோ. ஏ.எல். கதையை மட்டும் இனி ஆருக்கு முன்னாலயும் எடுக்காதேங்கோ." பிறகு ஏன் என்று அந்தக் கதையை முழுக்கச் சொல்லுங்கோ. எந்த வருசம், எந்த இடம், புத்தகப் பை எங்கே விடுபட்டது, திரும்பப் படிக்கத் தொடங்கினபோது எந்தப் பாடம் விளங்கவில்லை. ஒன்பது மாதத்தில் இதை அவருக்கு நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். வன்னியில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. ஆட்கள் போன பிறகு, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, நேரில் சொல்லுங்கோ. வட்ஸ்அப்பில் எழுதவேண்டாம், எழுத்தில் குரல் இல்லை, அவர் ஒரு சிரிப்புப் பொம்மையைத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு இன்னும் பத்தும்.

அடுத்த முறை தம்பிமார் வரும்போது பாருங்கோ. பழக்கத்தில் வாயைத் திறந்து, பாதியில் நிறுத்தினால் போதும், அதுவே பெரிய விசயம். தம்பி ஒருவன் எடுக்கும்போது "அதை விடடா" என்று அவர் சொன்னால் இன்னும் நல்லது. கேட்டுவிட்டு அதே கதையை இன்னும் கூட்டிச் சொன்னாரென்றால், நீங்கள் அழுதது தெரிந்தபிறகும் சபையில் உங்களை இறக்கிக்கொண்டே இருந்தாரென்றால், அதற்குப் பெயர் பகிடி இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு ஆள் இருக்கிறார்கள், இரண்டு பேருமாகவும் போகலாம், தனியாகவும் போகலாம். கடுமையாக, தொடர்ந்து அவமானப்படுத்தி மனதை வதைப்பதும் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும், அடி விழவேண்டும் என்று இல்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உங்களுக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் இதை வாசிக்கிற வேறு ஒருத்திக்குத் தேவைப்படலாம்.

சொதிக்கு மட்டும் நீங்களே பதில் சொல்லவேண்டும், அதை என்னிடம் விடாதேங்கோ. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், ஒன்று தருகிறேன். அவர் டோர்ச் கேட்டால், தம்பிமார் எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்கோ: "டோர்ச்சை நான் தாறன். முதல் அதை அடிச்சு, காலமை தேங்காய் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு போன ஆளைத் தேடுங்கோ."